வேலூரில் பத்தொன்பது டிகிரி

ஏப்ரல் 29, செவ்வாய்

நகைக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆடாமல் இருக்க மிக்ஸிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள் சகுந்தலா. இன்றைக்கு அதை உருவி எடுத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்ததுதான்.

நான் காப்பீட்டு முகவன். சத்துவாச்சாரியில் பாதிப் பேரின் பிறந்த தேதியும், வாரிசின் பெயரும், படிவத்தில் எழுதாமல் மறைத்த சர்க்கரை வியாதியும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. காலையில் ஒரு ரசீதை அச்சடித்துக்கொண்டிருந்தபோது பட்டென்று அணைந்தது. மூடியைத் தொட்டால் தோசைக்கல்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். தேன்மொழி பிளஸ் ஒன் லீவில் தன் கையால் பூட்டிய மிஷின் அது. எனக்கு அது கம்ப்யூட்டர், அவளுக்கு அது தம்பி.

"ஒரு சாஃப்ட்வேர் அனுப்புறேன்பா. உள்ள பிராசசர் எவ்ளோ சூடா இருக்குன்னு காட்டும். பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பத்தொன்பது டிகிரி.

வெளியே நாற்பத்தொன்று. மின்விசிறி சுடுகாற்றை அள்ளி முகத்தில் கொட்டுகிறது. நான் பனியனைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டிக்குள் மட்டும் கொடைக்கானல்.

சகுந்தலா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்டின்னா அந்த மோரை அதுக்குள்ள வைங்க. ஃப்ரிட்ஜ்ல எடமில்ல," என்றாள்.

மே 1, வியாழன்

தேனு இன்னொரு சாஃப்ட்வேர் அனுப்பினாள். அது முப்பத்துநான்கு என்கிறது. ஒரே பெட்டி, ஒரே நேரம், இரண்டு கணக்கு. எங்கள் தெருவில் நடந்த எந்தக் கல்யாணம் நின்றுபோன கதையும் இப்படித்தான். இரண்டு வீட்டாரும் சொல்வது வேறு வேறாக இருக்கும், இரண்டுமே பொய்யாகவும் இருக்கும்.

செய்தி எப்படியோ பரவி (நான்தான் பரப்பினேன்) எதிர்வீட்டு எத்திராஜ் வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அளக்க முடியாத எதையும் நம்பாதவர். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டி ஜுரம் பார்க்கும் துப்பாக்கியை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

பெட்டியைச் சுட்டார். 36.4. சுவரைச் சுட்டார். 36.4. மேசைமேல் இருந்த எலுமிச்சை ஊறுகாயைச் சுட்டார்.

"ஊறுகாய்க்கும் ஜுரம் இல்ல கஜபதி சார்," என்றேன், அவர் என்னைக் கூப்பிடும் அதே குரலில். அவர் சிரிக்கவில்லை. அவர் சர்வீசில் சிரித்ததாக ஆவணம் இல்லை.

அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும் பழைய ஞாபகம். அப்போது எங்கள் கிளை அலுவலக வாசலில் ஒரு செக்யூரிட்டி எல்லோரையும் சுடுவார். எனக்கு எப்போதும் முப்பத்திரண்டு காட்டும். அந்தக் கணக்குப்படி நான் இறந்து அரை நாள். செக்யூரிட்டி, "நார்மல், உள்ள போங்க," என்பார். பிணமாகவே போய் மூன்று பாலிசி பிடித்துக்கொண்டு வருவேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். இதுவரை அடித்தது வெயில் இல்லையாம், ஒத்திகையாம்.

தேனு அரை மணி நேரம் பேசினாள். அந்தப் பத்தொன்பதின் ரகசியத்தை விளக்கினாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

சிப்புக்குள் இருக்கும் சென்சாருக்கு, தான் எத்தனை டிகிரியில் இருக்கிறோம் என்பதே தெரியாதாம். இதற்குமேல் தாங்காது என்று ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எல்லை இன்னது என்று சாஃப்ட்வேர் தானாக ஊகித்துக்கொண்டு கழித்துப் போடுகிறது. ஊகம் தப்பினால் மொத்தமும் தப்பு. அதனால்தான் இரண்டு சாஃப்ட்வேர், இரண்டு கணக்கு.

"அதுவும் இல்லாம, அந்த சென்சாரை எல்லைக்குப் பக்கத்துல சரியா சொல்ற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. கீழ வர வர குத்துமதிப்புதான். சில சிப்புல ஒரு எடத்துல வந்து ஒட்டிக்கும், அப்புறம் அசையாது. ரூம் சூட்டைவிடக் கம்மியா காட்டுதுன்னா என்னா அர்த்தம்?"

"ஏசி போட்டிருக்குன்னு அர்த்தம்."

"பொய்னு அர்த்தம்பா. சும்மா இருக்கும்போது அது சொல்றதை நம்பாதீங்க. கொதிக்கும்போது சொல்றதை மட்டும் நம்புங்க. மூடியைக் கழட்டி தூசு தட்டினீங்களா?"

"நாளைக்கு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வாங்க நாங்கள் இருவரும் பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். அவளுக்குப் பதினாறு வயது, இரட்டைப் பின்னல், கையில் பாகங்களின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. கடைக்காரர் பதிலை எல்லாம் என்னிடம் சொன்னார். கேள்வியை எல்லாம் அவள் கேட்டாள். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன்போல இரண்டு பக்கமும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கூடத்தில் பாய் விரித்துப் பூட்டினாள். சிப்பின்மேல் தடவ ஒரு பசை உண்டு; சாம்பல் நிறம். ஒரு அரிசி அளவுக்குப் பிதுக்கினாள். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று நான், "பட்டையா பூசு, விபூதி மாதிரி," என்றேன்.

"அப்பா, கையை எடுங்க."

அந்தக் குரலில் அதற்குமுன் என்னிடம் பேசியது என் அம்மா மட்டும்தான்.

முதன்முதலாகப் பொத்தானை அழுத்தியபோது சகுந்தலா சூடம் ஏற்றினாள். புகையைப் பார்த்து மிஷின் எரிகிறது என்று நான் ஒயரைப் பிடுங்கினேன். தேனு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என்ன அருமையான சண்டை.

மே 6, செவ்வாய்

தூசு தட்டவில்லை. தும்மல் வரும்.

மே 8, வியாழன்

முன்பெல்லாம் தேனு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவாள். அதில் ஒன்பது நிமிஷம் அம்மாவுக்கு. இப்போது தினமும் காலை பதினோரு மணிக்குப் போன். எனக்கு. "இன்னிக்கி எவ்ளோ காட்டுதுப்பா?" ஆபீஸ் நேரத்தில் எப்படி என்று கேட்டால், வீட்டிலிருந்து வேலை என்கிறாள்.

இப்போதெல்லாம் பதினோரு மணிக்கு முன்னால் குளித்து, சட்டை போட்டு, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். சகுந்தலா, "பொண்ணு பாக்க வராங்களா?" என்கிறாள்.

மாப்பிள்ளை நிர்மலிடம் கொடு, ரெண்டு வார்த்தை பேசுகிறேன் என்றேன். குளிக்கிறாராம். போன வாரம் கேட்டபோதும் குளித்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லப் பேசியபோதும் அதேதான். பெங்களூரில் தண்ணீர்க் கஷ்டம் என்று பேப்பரில் போடுகிறவர்கள் ஒருதரம் இவர் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

"வேற ஒண்ணும் இல்லையேம்மா?"

"சூப்பரா இருக்கோம்பா. இங்க வெதரே செம கூல்."

மே 10, சனி

வாலாஜாவில் ஒரு பாலிசி. ஆள் மூச்சு வாங்க வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்து, படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதினார். ரத்த அழுத்தம், இல்லை. நெஞ்சுவலி, இல்லை. மருத்துவமனை, இல்லை. இருபத்தேழு வருஷமாக இந்தப் படிவத்தை நிரப்புகிறேன். ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்று யார் சொல்கிறாரோ அவரை டாக்டரிடம் அனுப்பு என்பது என் தொழில் ரகசியம். என் கண்ணிலிருந்து எவனும் தப்ப முடியாது.

மே 11, ஞாயிறு

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சோதனை. கம்ப்யூட்டருக்கு மூச்சுமுட்ட வேலை கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு. பிரயோஜனமில்லாத கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் கிளை மேலாளர் ஞாபகம் வந்தது.

"ஓட விடுங்கப்பா. நம்பர் அசையுதான்னு பாருங்க. எவ்ளோ வேலை குடுத்தாலும் அதே பத்தொம்பதுல நின்னா சென்சார் செத்துப்போச்சு. அசைஞ்சா உயிரோட இருக்கு."

கொஞ்ச நேரம் பத்தொன்பதிலேயே நின்றது. பிறகு இருபத்திரண்டு. முப்பது. அப்புறம் நிற்காமல் ஏறியது. எண்பதைத் தாண்டியபோது பெட்டி ஹோவென்று கத்தி அணைந்தது.

"நல்லது," என்றாள் தேனு. "உயிரோடதான் இருக்கு. சும்மா இருக்கும்போது மட்டும் பொய் சொல்லுது. பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், விசிறியில தூசு அடைச்சிருக்கும். தட்டினீங்களா இல்லையா?"

"தூசு ஊதுற பிளோயர் எத்திராஜ்கிட்ட இருக்கு. கேக்கக் கூச்சமா இருக்குது."

எனக்குக் கூச்சம் என்று சொன்னதைக் கேட்டு சகுந்தலா சமையலறையில் இருந்து சிரித்த சிரிப்பு பெங்களூருக்கே கேட்டிருக்கும்.

மே 13, செவ்வாய்

எத்திராஜ் தானாகவே பிளோயரைக் கொண்டுவந்து கொடுத்தார். பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மே 15, வியாழன்

இன்று போன் வந்தபோது எனக்குக் குறும்பு முளைத்தது. எத்தனை நாள்தான் டிகிரியையே பேசுவது. அவள் கத்திக் கேட்டு ரொம்ப நாளாகிறது. சின்ன வயதில் அவள் அறையில் இருந்த நாற்காலியைத் தள்ளிப் போட்டாலே வீடு இரண்டாகும். அந்தச் சத்தம் வேண்டும்போல இருந்தது.

"தேனு, மேல உன் ரூம் சும்மாதானே கெடக்குது. வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். ஒரு காலேஜ் பையன் வந்து பாத்துட்டுப் போனான்."

எந்தப் பையனும் வரவில்லை. காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"யாருக்கும் விடாதீங்கப்பா," என்றாள். "இப்போதைக்கு வேணாம். ப்ளீஸ்."

என் மகள் என்னிடம் ப்ளீஸ் சொன்னதே இல்லை. இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அவள் வேலை வைத்ததில்லை.

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சகுந்தலாவிடமும் லைன் சரியில்லை என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

மே 16, வெள்ளி

"மாப்பிள்ளை குரலைக் கடைசியா எப்ப கேட்டீங்க?"

"தீபாவளிக்கு."

"நான் ஆயுத பூஜைக்கு. எனக்கு மார்கழியிலேர்ந்தே மனசு சரியில்ல. உங்ககிட்டச் சொன்னா நீங்க அதுக்கும் ஒரு ஜோக் சொல்வீங்க."

சொல்லியிருப்பேன்தான்.

போனில் கேட்டுவிடலாமா என்றேன். "கேட்டா என்னா சொல்வா? சூப்பரா இருக்கேம்பா. நேர்ல போங்க. ஆனா சும்மா போயி நிக்காதீங்க, பயந்துடுவா." பெட்டியைக் காட்டினாள். "இத்தத் தூக்கிக்கினு போங்க. ரிப்பேருக்குக் கொண்டாந்தேன்னு சொல்லுங்க. அவளே சொன்னா கேட்டுக்குங்க. சொல்லலையா, பக்கத்துல உக்காந்துட்டு வாங்க."

முப்பத்திரண்டு வருஷமாக இவளோடு குடும்பம் நடத்துகிறேன். பாலிசி பிடிக்கப் போயிருந்தால் மேலாளரே ஆகியிருப்பாள்.

மே 19, திங்கள்

பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

"இன்னா சார் அது?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டர்."

"உடம்பு சரியில்லையா?"

"ஜுரம்."

"பெங்களூர்ல நல்லா பாப்பாங்க சார்," என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட் போடாமல் போய்விட்டார்.

கதவைத் திறந்தவள் முதலில் போர்வையைப் பார்த்தாள், பிறகு என்னை. கொஞ்சம் இளைத்திருந்தாள். "பவர் கேபிள் கொண்டாந்தீங்களா?" என்றாள். கொண்டுவரவில்லை. "அதானே," என்றாள். இருவரும் சிரித்தோம். உட்கார இடம் தேடினேன். சாப்பாட்டு மேசை இருந்தது, நாற்காலி ஒன்றுதான் இருந்தது. சோபா இருந்த இடத்தில் நான்கு கால் தடம் மட்டும்.

எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து எதுவும் கேட்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. நாக்கு அரித்தது.

தரையில் பேப்பர் விரித்து மூடியைக் கழற்றினாள். உள்ளே தூசு கம்பளிபோல அடைத்திருந்தது.

"பிளோயர் கெடைக்கலையாப்பா?"

"கெடைக்கல."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாள். விசிறியைக் கழற்றினாள். பழைய பசை சுண்ணாம்புபோலக் காய்ந்து வெடித்திருந்தது. சுரண்டிச் சுரண்டி, துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். புதுப் பசையை அரிசி அளவுக்குப் பிதுக்கினாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பட்டையா பூசச் சொல்லலையா?"

"நீ சண்டைக்கு வருவே."

ரிச்சி தெருவைப் பற்றிப் பேசினோம். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்குத் தனி சீட் போட்டு உட்காரவைத்துவிட்டு நான் காஞ்சிபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தது எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் தூங்கி அவள் தலைமேல் விழுந்தது உட்பட.

எல்லாம் பூட்டி, தன் வீட்டு கேபிளைச் செருகி, தன் மானிட்டரில் இணைத்து, அந்த வெட்டிக் கணக்கு சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நம்பரைப் பார்த்தோம். முப்பது. நாற்பத்தைந்து. ஜன்னலில் மழை பிடிக்க ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டு.

"ஜனவரியிலயே போயிட்டாருப்பா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்."

"சண்டையெல்லாம் இல்ல. ஒரு வருஷமா ரெண்டு பேரும் ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி இருந்தோம். அப்புறம் ஒருநாள் அவர் அதைச் சொல்லிட்டாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுது. வக்கீலைப் பாத்தாச்சு. வேலை இருக்குது, வாடகை கட்றேன், சாப்பிடறேன். ராத்திரியில மட்டும் கொஞ்சம்…"

அறுபத்திரண்டில் நம்பர் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே தேனு."

"அம்மாகிட்டச் சொன்னா உங்ககிட்டச் சொல்வாங்க. உங்ககிட்டச் சொன்னா எத்திராஜ் மாமாகிட்டச் சொல்வீங்க. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிடும். அதுல நாலு ஜோக் வேற இருக்கும்." மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாவும் இருக்கும். அதான் பிரச்சினை. நானே சிரிச்சிடுவேன்."

அவள் சொன்னது உண்மைதான். சத்துவாச்சாரியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

காபி போட எழுந்தேன். சர்க்கரை எங்கே என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காபியை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போமோ தெரியாது.

பிறகு அவளே அம்மாவுக்குப் போன் போட்டாள். இங்கே இவள், "அம்மா, ஒண்ணு சொல்லணும்," என்றதும், அங்கேயிருந்து, "எல்லாம் எனக்குத் தெரியும், சாப்டியா?" என்று கேட்டது. அதன் பிறகு அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது. பால்கனிக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 20, செவ்வாய்

எத்திராஜ் போன். "மிஷின் இன்னா ஆச்சு கஜபதி சார்? பொண்ணு நல்லா இருக்குதா?"

"பேஸ்ட் காய்ஞ்சிருந்துது. மாத்தியாச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவருக்கு என்னைப் பற்றிக் கவலை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். "உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மாலையில் தேனு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கூப்பிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை ஒன்று. நிர்மல், தேன்மொழி நிர்மல் என்று இரண்டு வரி. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. மாதக்கணக்கில் கழற்றப் பார்த்தாளாம், திருகாணி துருப்பிடித்து அசையவில்லையாம். தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, என் பலத்தையெல்லாம் கொடுத்துத் திருகினேன். எதிர் ஃபிளாட் அம்மாள் கதவைப் பாதி திறந்து, "ரிப்பேரா அங்கிள்?" என்றார். எனக்கு அவருடைய ஊர், பிள்ளைகள், மாமியார் எல்லாவற்றையும் விசாரிக்கத் தோன்றியது. "ஆமாம்மா," என்று மட்டும் சொன்னேன். தேனு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பலகை இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. புதிதாக ஒன்று மாட்டலாம் என்று இருவரும் குடை பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தோம். பெயர்ப்பலகைக் கடைக்காரர் ஓசூர்க்காரர், தமிழிலேயே கேட்டார்.

"பேரு சொல்லுங்க மேடம்."

"தேன்மொழி."

"இன்ஷியல்?"

நான் கடைக்கு வெளியே ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டிலும் சம்பளச் சீட்டிலும் எட்டு வருஷமாக என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ஜி," என்றாள்.

கடைக்காரர் எழுதிக்கொண்டே, "ஜின்னா, சார் பேருங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. கஜபதி. அதோ நிக்கிறாரே, அவருதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னப்பா என்றாள். வெயில் என்றேன். அவள் குடையை என் பக்கமாகச் சாய்த்தாள்; மழை இன்னும் விடவில்லை.